ஏட்டுச் சுரைக்காய்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மிடையே இல்லை. நாமும் சிறுவயது முதல் அதைக் கேட்டவர்கள்தாம். ஆயினும் அதன் முழுப் பொருளும் நமக்கு விளங்கியது, கல்லூரியில் பாடம் சொல்லத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே. விளங்க வைத்தவர் எந்த அறிஞருமல்லர். நம்மிடம் படித்த ஒரு மாணவர்.

அப்போது நாம் காவிரிப் படுகையிலுள்ள ஒரு கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்கு மேலாண்மைப் பாடம் நடத்தி வந்தோம். அப்பாடத்தில் பிணக்குகளைத் தீர்ப்பது பற்றி ஒரு பகுதி உண்டு. இரு மனிதருக்கிடையே, அல்லது இரு குழுக்களுக்கிடையே பூசல் எழுந்தால் அதை எவ்வாறு அணுகுவது என்று கற்பிக்கும் பகுதி அது. 2002-ஆம் ஆண்டு அப்பகுதியில் ஒரு தேர்வு வைத்தோம். முப்பத்தெட்டு விடைத்தாள்களையும் ஒரே இரவில் திருத்தி முடித்தோம். அவ்வளவு விரைவில் முடிந்ததற்குக் காரணம் இருந்தது. முப்பத்தெட்டிலும் ஒரே விடை, ஒரே படம், ஒரே எடுத்துக்காட்டு. போட்டியிடல், ஒத்துழைத்தல், சமரசம், தவிர்த்தல், விட்டுக்கொடுத்தல் என்னும் ஐந்து வழிகளையும் பிள்ளைகள் பிழையின்றி எழுதியிருந்தனர். நமக்கு ஒரே பெருமை.

அப்பெருமை ஒரு வாரமும் நீடிக்கவில்லை. துறையின் ஆண்டு விழாவை எப்போது நடத்துவது என்பதில் அதே வகுப்பு இரண்டாகப் பிளந்தது. விடுதி மாணவர்கள் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி, மின்விளக்கு அலங்காரத்துடன் நடத்த வேண்டும் என்றனர். ஊரிலிருந்து வந்து போகும் மாணவர்களோ பகலிலேயே முடிய வேண்டும் என்றனர். பேச்சு வளர்ந்தது, வசைச் சொற்கள் வந்தன, பிறகு பேச்சே நின்றது. மூன்று வாரங்கள் ஒரே அறையில் அமர்ந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. விடுதிப் பக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் வேறு யாருமல்லர். நமது தேர்வில் முதல் மதிப்பெண் பெற்றவரே!

அவரை அழைத்து, "தம்பி, ஐந்து வழிகளையும் அவ்வளவு அழகாக எழுதினாயே, இப்போது அவற்றில் எதைச் செய்து பார்த்தாய்?" என்று கேட்டோம்.

அவர் சற்றும் தயங்கவில்லை. "சார், அது பரீட்சைக்கு. இது வேற" என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. குறை யாரிடம்? பிள்ளைகளிடமா? அவர்கள் கொடுத்ததைப் படித்தார்கள், கேட்டதை எழுதினார்கள். அப்படியானால் கொடுத்ததில்தான் குறை இருக்க வேண்டும். வகுப்பில் பயன்படுத்திய புத்தகத்தை எடுத்து மீண்டும் புரட்டினோம். அந்த ஐந்து வழிகளும் பொய்யல்ல. கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1974-இல் வகுத்துக் கொடுத்தவை அவை. தன் தேவையை ஒருவன் எவ்வளவு வற்புறுத்துகிறான், பிறன் தேவையை எவ்வளவு மதிக்கிறான் என்னும் இரண்டு அளவுகோல்களை வைத்து மனிதரின் போக்கை அளக்கும் நல்ல முறை அது. ஆனால் புத்தகத்தில் கண்ட எடுத்துக்காட்டு என்ன? ஏதோ ஒரு நகரத்துத் தொழிற்சாலையில் விற்பனைப் பிரிவுக்கும் உற்பத்திப் பிரிவுக்கும் நேர்ந்த தகராறு. நம் மாணவர்களில் பாதிப்பேர் நெல் விளைவிப்போரின் பிள்ளைகள். விற்பனைப் பிரிவு என்று ஒன்றை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. ஆனால் மடையருகே இரவெல்லாம் டார்ச் விளக்கோடு காவல் கிடந்த தந்தையைக் கண்டிருக்கிறார்கள். வரப்பு வெட்டியதற்காக இரு வீடுகள் தலைமுறை தலைமுறையாய்ப் பேசாதிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ட பிணக்கு புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் இருந்த பிணக்கு அவர்கள் வாழ்வில் இல்லை. பிறகு "அது பரீட்சைக்கு" என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்?

அந்த ஆண்டு காவிரியில் பெரும் நெருக்கடி. பருவமழை பொய்த்து, குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் அதே பேச்சு. நம் கண்ணெதிரே ஓடும் ஆற்றைவிடச் சிறந்த பாடநூல் ஏது என்று எண்ணினோம். 2003-இல் இருபத்து நான்கு பக்கங்களில் ஒரு கையேட்டைத் தயாரித்து, பேருந்து நிலையத்தருகே ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கு ஒரு படி கொடுத்தோம். சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்ட 1892, 1924 ஒப்பந்தங்களின் சுருக்கம், 1990-இல் அமைக்கப்பட்ட நடுவர் மன்றம், ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விடுமாறு அது 1991-இல் பிறப்பித்த இடைக்கால ஆணை, நாளிதழ்ச் செய்திகள் ஆகியவை அதில் இடம்பெற்றன. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினர் தஞ்சை விவசாயிகளாகவும் மறுபாதியினர் மாண்டியா விவசாயிகளாகவும் இருந்து பேச வேண்டும் என்றோம்.

வகுப்பு படுதோல்வியடைந்தது. மாண்டியாவுக்காகப் பேச வேண்டியவர்கள் எழுந்து நின்று, "எங்களுக்குப் பேச ஒன்றுமில்லை சார்" என்றனர். சிலர் கேலியாக நடித்தனர். மற்றவர்கள் மேசையைத் தட்டி முழங்கினர். அரை மணி நேரத்தில் அது வகுப்பறையாக இல்லை, பொதுக்கூட்டமாக மாறிவிட்டது.

வீட்டுக்கு வந்து நமது கையேட்டை நாமே வாசித்தோம். வெட்கமாக இருந்தது. அதில் ஒட்டியிருந்த செய்திகள் அனைத்தும் நம் பக்கத்துச் செய்திகள். 1924 ஒப்பந்தத்தைச் சுருக்கிய போதும் நமக்குச் சாதகமான விதிகளையே எடுத்திருந்தோம். மாண்டியா விவசாயி அந்த இருபத்து நான்கு பக்கங்களில் எங்குமே பேசவில்லை. அவர்மீது குற்றம் மட்டுமே சாட்டப்பட்டிருந்தது. பாடக் கருவியே ஒரு கட்சி சேர்ந்துவிட்டால், அதை வைத்துப் படிக்கும் பிள்ளை நடுநிலையை எங்கே கற்பான்? நல்ல எண்ணம் கொண்ட ஆசிரியரும் தம்மை அறியாமல் ஒரு பிணக்கை வளர்த்துவிடலாம் என்பதை அன்று அறிந்தோம்.

இச்சமயத்தில்தான் காவிரிக் குடும்பம் என்னும் முயற்சி பற்றிக் கேள்வியுற்றோம். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முன்னின்று, 2003-இல் இரு மாநில விவசாயிகளையும் ஒரே கூடத்தில் அமர வைத்தார். தமிழக விவசாயிகளின் உரிமைக்காக 1983-இலேயே உச்ச நீதிமன்றப் படியேறிய சங்கத்தை வழிநடத்திய மன்னார்குடி எஸ். ரங்கநாதனும் அதில் பங்கு கொண்டார். வழக்காடியவரே எதிர்த்தரப்பினரோடு உட்கார்ந்து பேசினார்! அவர்கள் அங்கும் இங்குமாகப் பயணம் செய்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்தனர். தண்ணீரைப் பங்கிடும் சூத்திரம் அவர்களுக்குக் கைகூடவில்லை என்பது உண்மை. 2007-இல் நடுவர் மன்றமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும்தான் அதை வகுக்க வேண்டியதாயிற்று. ஆயினும் அந்த விவசாயிகள் செய்த ஒரு காரியம் நமக்கு வழிகாட்டியது. வாதத்தைத் தொடங்குமுன் அவர்கள் வயலைப் பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டு கையேட்டைப் புதிதாக எழுதினோம். இம்முறை அது ஒரே நூலாக இல்லை. மூன்று தாள்களாக இருந்தது. முதல் தாள் அனைவருக்கும் பொது. தென்மேற்குப் பருவமழை கர்நாடகத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்வது, நம் படுகைக்கு வடகிழக்குப் பருவமழையே முதன்மை என்பது, கண்ணம்பாடி அணை, மேட்டூர் அணை ஆகியவற்றின் வரலாறு ஆகியவை அதில் இருந்தன. மற்ற இரண்டு தாள்களையும் உறையிலிட்டு ஒட்டினோம். தஞ்சைத் தாள் தஞ்சைக் குழுவுக்கு. மாண்டியாத் தாள் மாண்டியாக் குழுவுக்கு. ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. எதிர்த்தரப்பின் தேவையை அறிய வேண்டுமானால் கேட்டுத்தான் அறிய வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பேச்சுவார்த்தைக் கலையை இவ்வாறு உறையிட்ட தாள்களால் கற்பிக்கும் வழக்கம் உண்டு. வழியை அங்கிருந்து எடுத்தோம். சரக்கை நம் மண்ணிலிருந்து எடுத்தோம்.

மாண்டியாத் தாளை எழுதியபோது நமது மனமே சற்று மாறியது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 1924 ஒப்பந்தம் ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட மாகாணத்துக்கும் அவர்களுக்குக் கட்டுப்பட்ட சமஸ்தானத்துக்கும் இடையே நடந்தது. அதனால் தங்கள் பாசனப் பரப்பு வளராமல் தடுக்கப்பட்டது என்பது அவர்கள் குறை. அவ்வொப்பந்தம் 50 ஆண்டுகளில், அதாவது 1974-இல், முடிந்தது என்று அவர்கள் சொல்கிறார்கள். சில விதிகளை மட்டுமே மறுபரிசீலனை செய்யலாம், ஒப்பந்தம் முடியவில்லை என்று நாம் சொல்கிறோம். ஒரே ஏடு, இரண்டு வாசிப்பு. குடும்பப் பாகப்பிரிவினைப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

அம்முறை வகுப்பில் கூச்சல் இல்லை. முதல் பத்து நிமிடம் பேச்சே இல்லை. பிறகு மாண்டியாக் குழுவிலிருந்த ஒரு மாணவர், "உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்கிறீர்கள், எப்போது வேண்டும் என்று சொல்லவில்லையே?" என்று கேட்டார். அக்கேள்வியோடு வகுப்பு விழித்துக்கொண்டது. நாற்றங்காலுக்கும் நடவுக்கும் ஜூன், ஜூலையில் வருகிற தண்ணீரும், அறுவடை முடிந்தபின் வருகிற தண்ணீரும் ஒன்றல்ல அன்றோ? எவ்வளவு, எப்போது என்னும் இரண்டு தலைப்புகளைப் பிள்ளைகளே கரும்பலகையில் எழுதினர். 2007-இல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தபோது, ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்று சொன்னதோடு நில்லாமல், ஜூனுக்கு 10, ஜூலைக்கு 34, ஆகஸ்டுக்கு 50 என்று மாதவாரியாகவும் அது வகுத்திருந்ததைக் கண்டு, பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "சார், நம்ம கரும்பலகை!" என்று மகிழ்ந்தார். பின்னர் உச்ச நீதிமன்றம் 2018-இல் அந்த 192-ஐ 177.25 ஆகக் குறைத்தது. மழை குறைந்த ஆண்டில் பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்பது அதன் பின்னும் பூசலுக்கு இடமளிக்கிறது. தீர்ப்பு வந்துவிட்டால் பிணக்கு ஓய்ந்துவிடும் என்று பிள்ளைகள் எண்ணாதிருக்க, இதையும் தாளில் சேர்த்தோம்.

தாளோடு நிற்கவும் மனமில்லை. ஒரு சனிக்கிழமை தலைஞாயிற்றை அடுத்த கடைமடைக் கிராமம் ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றோம். அங்கே வாய்க்காலில் முறைத்தண்ணீர் பங்கிட்டுப் பழகிய ஒரு பெரியவர் வரப்பின்மேல் உட்கார்ந்து பேசினார். "மேல்மடைக்காரன் வேணும்னே தண்ணியை நிறுத்த மாட்டான், தம்பி. தன் வயல் காஞ்சிடுமோன்னு அவனுக்குப் பயம். உனக்கு இன்ன நேரம் வரைக்கும் தண்ணி நிச்சயம்னு அவன் பயத்துக்கு ஒரு கெடு வெச்சுக் கொடு, நேரம் முடிஞ்சதும் அவனே வந்து மடையை அடைப்பான்" என்றார். பல்கலைக்கழகப் புத்தகத்தின் ஒரு முழு அத்தியாயம் அந்தச் சொற்களில் அடங்கியிருந்தது.

திரும்பி வருகையில் நீடாமங்கலம் பக்கத்து மாணவர் ஒருவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு சொன்னார்: "சார், இவங்களுக்கு நாமதான் கர்நாடகம்." பேருந்தில் யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் வராதபோது தானும் கடைமடைக்காரன், வந்தபோது தானும் மேல்மடைக்காரன் என்பதை அப்பிள்ளை உணர்ந்துகொண்டார். ஐந்து வழிகளையும் மனப்பாடம் செய்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருவரும் எட்டாத இடத்தை அவர் எட்டிவிட்டார்.

இனி எல்லாம் நலமே என்று நாம் நினைத்திருந்தோம். அந்நினைப்பையும் ஒரு மாணவி கலைத்தார். விவசாயக் கூலிக் குடும்பத்துப் பெண் அவர்; வகுப்பில் அதிகம் பேசாதவர். ஒரு நாள் வகுப்பு முடிந்தபின் கையேட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "சார், இதில் தஞ்சை விவசாயி இருக்கிறார், மாண்டியா விவசாயி இருக்கிறார். நடவு நடும் எங்கள் அம்மா எந்தத் தாளில் இருக்கிறார்?" என்று கேட்டார்.

நம்மிடம் விடையில்லை. தண்ணீர் வராவிட்டால் நிலக்காரருக்கு விளைச்சல் போகும். நிலமற்றவருக்கோ அன்றாடக் கூலியே போகும். இழப்பு அதிகமானவர் பேச்சுவார்த்தைப் பாயில் இல்லை. ஏனெனில் நமது ஏட்டிலேயே அவர் இல்லை.

அதன்பின் நான்காவது தாள் ஒன்றை எழுதினோம். அதை எழுதுவது எளிதாக இருக்கவில்லை. 1968 டிசம்பர் 25, நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அதே நாளின் இரவில், கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். கூலி உயர்வு கேட்டு எழுந்த பூசலின் முடிவு அது. அடுத்த ஆண்டே தஞ்சை மாவட்டத்துக்கென விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. உயிர்கள் போகுமுன் அச்சட்டம் வந்திருக்கக் கூடாதா? இக்கேள்வியை மாணவர் முன் வைத்தோம். அத்துயரத்துக்குப் பின் இப்பகுதிக்கு வந்து உழைத்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், எஸ். ஜெகந்நாதன் தம்பதியர் 1981-இல் லாப்டி என்னும் அமைப்பைத் தொடங்கியதையும் எழுதினோம். நிலச்சொந்தக்காரருடன் பேசி, வங்கிக் கடனுக்கு வழி செய்து, நிலமற்ற குடும்பங்களுக்கு, அதுவும் பெண்கள் பெயரில், நிலம் வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். பலம் சமமாக இல்லாத இருவரை வெறுமனே உட்கார வைத்துச் சமரசம் பேசினால், எளியவரே மீண்டும் விட்டுக்கொடுக்க நேரும். முதலில் எளியவரின் கை வலுப்பெற வேண்டும். ஐந்து வழிகளின் படத்தில் இந்தப் பாடம் இல்லை.

அந்த மாணவி நான்காவது தாளைப் படித்துவிட்டு, இரண்டு இடங்களில் திருத்தம் எழுதிக் கொடுத்தார். இரண்டையும் ஏற்றுக்கொண்டோம்.

இவற்றால் எல்லா மாணவரும் சமாதானத் தூதுவராகிவிட்டனர் என்று சொல்ல மாட்டோம். ஆண்டு விழாப் பூசலும் நம் அறிவுத்திறத்தால் தீரவில்லை. அந்த மூன்றாம் வாரத்தின் இறுதியில் ஒரு மாணவி அழுதுகொண்டே சொன்னபின்தான் விடுதிப் பிள்ளைகளுக்கு உண்மை தெரிந்தது. மாலை விழா என்றால் அவர் ஊருக்குக் கடைசிப் பேருந்து போய்விடும்! அலங்காரம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. வீடு போய்ச் சேர வேண்டும் என்றுதான் சொன்னார்கள். விழா பிற்பகலில் தொடங்கியது. விளக்குகள் உள்ளரங்கில் எரிந்தன. மேரி பார்க்கர் ஃபாலட் என்னும் அமெரிக்க அம்மையார் 1925-இலேயே இத்தகைய ஒன்றைச் சொல்லியிருக்கிறார். நூலகத்தில் ஒருவர் சன்னலைத் திறக்க வேண்டும் என்றார்; இவர் மூட வேண்டும் என்றார். முன்னவருக்குத் தேவை காற்று; இவருக்கு வேண்டியது முகத்தில் நேராகக் காற்று அடிக்காதிருப்பது. அடுத்த அறைச் சன்னலைத் திறந்ததும் இருவர் தேவையும் நிறைவேறியது. அந்தக் கதையையும் நமது கையேட்டில் சேர்த்தோம். அதற்குக் கீழே கடைசிப் பேருந்தின் கதையையும் எழுதினோம். பிள்ளைகள் எதை நினைவில் வைத்திருந்தார்கள் என்று சொல்ல வேண்டுமா?

"அது பரீட்சைக்கு" என்ற அந்த மாணவர் பல ஆண்டுகளுக்குப் பின் நம் இல்லம் தேடி வந்தார். தந்தையார் காலமாகி, அண்ணனுக்கும் தம்பிக்கும் மூன்று ஏக்கரைப் பிரிப்பதில் தகராறு முற்றியிருந்ததாம். சரிபாதி என்று இருவரும் பிடிவாதமாய் நின்று, வக்கீல் வரைக்கும் போயிருக்கிறார்கள். ஒரு நாள் இரவு நமது உறைகள் இவர் நினைவுக்கு வந்தன. அண்ணனிடம் ஒரு தாளைக் கொடுத்து, "உனக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதாதே; எதற்கு வேண்டும் என்று எழுது" என்று சொல்லி, தாமும் ஒரு தாளில் எழுதினாராம். அண்ணனுக்கு வேண்டியது பம்புசெட்டும் அதற்குப் போகும் வழியும். தம்பிக்கு வேண்டியது சாலையோரம் ஒரு வீட்டுமனை. பாகம் ஒரே வாரத்தில் முடிந்தது. "பரீட்சையில் எழுதினது ஒன்றும் ஞாபகம் இல்லை சார். அந்த உறை மட்டும் ஞாபகம் இருந்தது" என்றார்.

அன்புக் குடும்பத்தினரே, நம் பிள்ளைகள் எந்தக் கல்லூரியில் படிக்கிறார்கள் என்று கேட்கிறோம். எத்தனை மதிப்பெண் என்று கேட்கிறோம். எந்த ஏட்டை வைத்துப் படிக்கிறார்கள், அந்த ஏட்டில் யாருடைய குரல் இருக்கிறது, யாருடைய குரல் இல்லை என்று கேட்டதுண்டா? அவ்வாறே, வீட்டில் அண்டை அயலாரைப் பற்றிப் பிள்ளைகள் முன் நாம் பேசும் பேச்சும் ஒரு பாடநூல்தான். அதில் ஒரு பக்கத்துத் தாளை மட்டுமே நாம் வாசித்துக் காட்டுகிறோம். எதிர்வீட்டாரின் உறையைப் பிரிக்க நமக்கு உரிமை இல்லை; ஆனால் வாசற்படி ஏறி, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க யார் தடுக்கிறார்கள்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஆனால் அந்த ஏட்டை எழுதுகிறவர் ஒருமுறை கொல்லைக்குப் போய்க் கொடியைப் பார்த்துவிட்டு வந்து எழுதினால், பிள்ளைக்கு அதை எங்கே நடுவது என்றாவது தெரியும்.